புதுப் பாட்டு பாடம் பண்ண உக்கார்றதுக்கு முன்னாடி யாராவது இதைச் சொல்லியிருந்தா ஒன்றரை மாசமும் பதினஞ்சாயிரமும் மிஞ்சியிருக்கும்

போன நவராத்திரிக்கு எங்க ஏரியா கோயில் கமிட்டியில கமலாம்பா நவாவரணத்தை ஒன்பது நாளும் ஆளுக்கு ஒண்ணா பாட வைக்கலாம்னு முடிவு பண்ணி, நாலாவது நாளை என் தலையில கட்டினாங்க. நவாவரணம்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், திருவாரூர் கமலாம்பாள் மேல முத்துஸ்வாமி தீக்ஷிதர் பண்ணின செட்டு, முன்னாடி ஒரு தியான கீர்த்தனை, நடுவுல ஒன்பது, கடைசியில மங்கள கீர்த்தனை, மொத்தம் பதினொண்ணு. முதல் மூணு பாட்டு ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம் ராகம், அது மூணும் எனக்கு ஓரளவு பாடம். நாலாவது காம்போதி, அதுதான் எனக்கு சுத்தமா பாடம் இல்லாதது. அதுவும் சாதாரண ஆதி தாளம் ரூபகம் எல்லாம் இல்ல, கண்ட ஜாதி அட தாளம். சரின்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்ததும் தான் வயித்தைக் கலக்கிச்சு. ஆனா அப்போ கையில முழுசா நாலு மாசம் இருந்துச்சு, நாலு மாசத்துல ஒரு பாட்டு வராதான்னு ஒரு தைரியம்.

என்னோட டீச்சருக்கு வயசாயிடுச்சு, குரல் ஒத்துழைக்கலன்னு கொஞ்ச வருஷம் முன்னாடியே கிளாஸ் நிறுத்திட்டாங்க. அதனால யார்கிட்ட போறதுன்னு தேடினப்ப ஆன்லைன்ல தீக்ஷிதர் கிருதி மட்டும் சொல்லித்தர்ற ஒருத்தர் கெடச்சார், பேரு வேண்டாம். பாட்டுக்கு ஒரு பேக்கேஜ், பதினஞ்சாயிரம், முழுப்பணமும் முன்னாடியே கட்டணும், லைவா ஜூம்ல சில கிளாஸ், மிச்சம் அவர் பாடி அனுப்பற ஆடியோ. அவர் பாடின சாம்பிள் கேட்டேன், அருமையான சாரீரம், நம்பிப் பணத்தைப் போட்டேன். பல்லவி நல்லாத்தான் போச்சு. அடுத்த பகுதியான அனுபல்லவியில இருந்து ஜூம் கிளாஸ் ஒவ்வொண்ணா தள்ளிப்போக ஆரம்பிச்சுது, கச்சேரி இருக்கு, ஊர்ல இல்ல, நெட் இல்ல. ஆடியோ மட்டும் வரும். நான் பாடி அனுப்பினா அதுக்கு ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான் கரெக்‌ஷன்.

பிரச்சனை எங்க தெரிஞ்சுதுன்னா, அனுபல்லவியோட மத்யமகால சாகித்யத்துல, அதாவது வரி ரெண்டு மடங்கு வேகமா ஓடற இடத்துல. அட தாளம் எப்படின்னு ஒரு தடவ சொல்லிடறேன். அஞ்சு எண்ணிக்கை லகு ரெண்டு, அதாவது ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு ஆள்காட்டி வரைக்கும் நாலு விரல், அதே மாதிரி இன்னொரு தடவ, அப்புறம் த்ருதம் ரெண்டு, தட்டித் திருப்பு தட்டித் திருப்பு. அஞ்சு அஞ்சு ரெண்டு ரெண்டு, பதினாலு. அவர் அனுப்பின ஆடியோவைக் கூடவே பாடறவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் ஆடியோவை நிறுத்திட்டு கையில தாளம் போட்டுப் பாடினேன், மத்யமகாலம் முடிஞ்சு வாய் பல்லவியை எடுக்குது, கை இன்னும் கடைசி த்ருதத்தைத் தட்டித் திருப்பிட்டு இருக்கு. ரெண்டு எண்ணிக்கை காணோம். நான்தான் வேகமா பாடறேன் போலன்னு நெனச்சு மெட்ரோனோம் வெச்சுப் பாத்தேன், அப்பவும் அதே ரெண்டு. அப்புறம் அவரோட ஆடியோவுக்கே தாளம் போட்டுப் பாத்தா, அவரே அந்த இடத்துல ஒரு கார்வையை, அதாவது எழுத்தை இழுத்து நிக்கற எண்ணிக்கையை, முழுங்கிட்டு அடுத்த வரிக்குப் போறார். தாளமே போடாம பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்கார். கேட்டதுக்கு "மிருதங்கத்தோட பாடும்போது அட்ஜஸ்ட் ஆகிடும் மேடம்"னு வந்த பதில் தான் கடைசி. அதுக்கப்புறம் மெசேஜ் பாத்த ப்ளூ டிக் மட்டும். பணம் திரும்பல, கேட்டுக் கேட்டு விட்டுட்டேன்.

பணம் போனதை விட எனக்கு ஆத்திரம் எதுலன்னா, அந்த ரெண்டு எண்ணிக்கை குறைஞ்ச வடிவம் அதுக்குள்ள எனக்கு நல்லா பாடம் ஆயிடுச்சு. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ல போகும்போதுன்னு நாள் பூரா அதையே முணுமுணுத்து ஊறப்போட்டாச்சு. புதுசா ஒரு பாட்டு ஏத்திக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஏறினதை எறக்கறது தான் உயிரை எடுக்கும். சரியான கார்வை தெரிஞ்சதுக்கு அப்புறமும் கொஞ்சம் அசந்தா வாய் பழைய இடத்துக்கே போகும், நிதானமா பாடும்போது சரியா வரும், வீட்டுக்கு ஆள் வந்து பாடுன்னு சொன்னா பழசு வரும். ஒன்றரை மாசம் ஏத்தினதை அழிக்க அதைவிட அதிக நாள் ஆச்சு. அதனால நான் இப்போ யாருக்குச் சொன்னாலும் முதல்ல இதைத்தான் சொல்றேன், முதல் ரெண்டு வாரம் வாயைத் தொறக்காதீங்க. கேளுங்க, எழுதுங்க, தாளம் போடுங்க, எந்தப் பாடாந்தரம், அதாவது எந்த குரு வழிப் பாடம்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் பாடுங்க. சொல்லித்தர்றவங்ககிட்ட மொதல் கிளாஸ்லயே ஒரு ஆவர்த்தமாவது, அதாவது தாளத்தோட ஒரு முழுச் சுத்தாவது, கேமரா முன்னாடி கையில தாளம் போட்டுப் பாடிக் காட்டச் சொல்லுங்க, இதைக் கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் கிடையாது, நல்ல வாத்தியார் கேக்காமலே போடுவார். பணம் கிளாஸுக்குக் கிளாஸ் குடுங்க. மொத்தமா வாங்கினா தான் சொல்லித்தருவேன்னா வேற ஆளைப் பாருங்க.

அடுத்தது ரெக்கார்டிங். நான் மாட்டிக்கிட்டது புரிஞ்சதும் யூட்யூப்ல இருக்கிற எல்லாத்தையும் இறக்கினேன். பெரிய தப்பான வழி அது, ஏன்னா நாலு பேர் பாடினதைக் கேட்டா நாலு பாடாந்தரம். ஒருத்தர் இங்க ஒரு சங்கதி, அதாவது அதே வரியை மாத்தி மெருகேத்திப் பாடறது, வெச்சிருப்பார், இன்னொருத்தர் அதே சங்கதியை அடுத்த வரியில வெச்சிருப்பார், எடுக்கற வேகமும் வேற. எல்லாமே அவங்கவங்க குரு வழியில சரிதான், ஆனா இதுல ஒரு வரி அதுல ஒரு வரின்னு எடுத்துக் கோத்தா அது எந்த வழியும் இல்ல. சரி புஸ்தகத்தைப் பாக்கலாம்னா அங்கயும் இதே கதை. சுப்பராம தீக்ஷிதர் 1904ல எட்டயபுரத்துல கொண்டு வந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கு லிபியில இருக்கு, கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைச்சுப் பாடற விதத்துக்கு, எல்லாம் தனித்தனியா அடையாளம் போட்டது, தமிழ்ல மியூசிக் அகாடமி போட்டிருக்காங்க. கல்லிடைக்குறிச்சி சுந்தரமய்யர் பதிப்புகளும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்கன்னா, நாம மேடையில கேக்கற பாட்டுக்கும் அச்சுல இருக்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு புரியும். புஸ்தகம் சந்தேகம் தீக்கறதுக்கு நல்லது, எழுத்து விட்டுப்போச்சா, இந்த வார்த்தை எந்த எண்ணிக்கையில விழுதுன்னு பாக்க. அதை மட்டும் வெச்சுப் பாடக் கத்துக்கிட்டா ஸ்வரம் தான் வரும், காம்போதி வராது.

இன்னொண்ணு, சுருதி, பாடறவங்க ஆதாரமா வெச்சுக்கற உயரம், அதைக் கட்டைன்னு அளப்போம். அந்த ஆன்லைன் ஆள் ஒன்றரைக் கட்டை, நான் அஞ்சரை. அவர் ஆடியோவை ஆப்ல போட்டு என் சுருதிக்கு ஏத்தினா ஏழு அரைஸ்தானம் ஏறணும், அவ்வளவு ஏத்தினா குரல் கீச்சுன்னு ஆகி கமகம் எல்லாம் மழுங்கிப் போயிடுது. அதோட நிக்காம வேகத்தைப் பாதியாக் குறைச்சும் கேட்டேன், எல்லாரும் பண்றது தானே. மெதுவா ஓட்டினா அசைவு எல்லாம் நிஜத்தை விட அகலமா ஊஞ்சலாடற மாதிரி கேக்கும், அப்படியே பிடிச்சு அசல் வேகத்துல பாடினா இயந்திரம் பாடற மாதிரி இருக்கும். ஒரு இடம் புரியலன்னா ஒரு பிடியை, அதாவது ராகத்தோட ஒரு சின்ன ஸ்வரக் கோவையை, மட்டும் மெதுவா கேட்டு அதுல எத்தனை ஸ்வரம் வருதுன்னு பாத்துக்கிட்டு திரும்ப அசல் வேகத்துக்கு வந்துடுங்க. முடிஞ்ச வரைக்கும் உங்க கட்டைக்குப் பக்கத்துல பாடறவங்க ரெக்கார்டிங்கா ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கோங்க. அதைவிட நல்லது வீணை. வீணையில சாகித்யம் இல்லாததால கை எங்க இழுக்குது எங்க நிக்குதுன்னு அப்பட்டமா காதுல விழும்.

என்னைக் காப்பாத்தினதும் வீணை வாசிக்கற ஒரு மாமி தான். ஃப்ரெண்டோட பெரியம்மா, எழுபது வயசுக்கு மேல, வெளிய கச்சேரியெல்லாம் பண்ணினதில்ல, ஆனா நவாவரணம் பதினொண்ணும் சின்ன வயசுல ஒரே இடத்துல பாடம் பண்ணினவங்க. பாட்டைச் சொல்லித்தாங்கன்னு போனா முதல் நாள் பாட்டையே எடுக்கல. "காம்போதி பாடு, கேக்கறேன்"னாங்க. பாடினேன். ராகம் ஏறற ஆரோகணத்துல நி ஸ்வரம், அதாவது நிஷாதம் கிடையாது, இறங்கற அவரோகணத்துல தாழ்ந்த நி, அதாவது கைசிகி நிஷாதம், அது யாருக்கும் தெரியும். ஆனா சநிபதஸன்னு வர்ற அந்த ஒரு பிடியில மட்டும் உயர்ந்த நி, அதாவது காகலி நிஷாதம் வரும், மெதுவா ஓட்டின ஆடியோவைக் கேட்டுக் கேட்டு நான் அதையும் ரெண்டுங்கெட்டானா பிடிச்சிட்டிருந்திருக்கேன். மாமி கம்பியில அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சுக் காட்டிட்டு "இத வெச்சிண்டு ஒரு வாரம் ராகம் மட்டும் பாடு, தெரிஞ்ச காம்போதி கீர்த்தனை எல்லாம் பாடு, அப்புறம் வா"ன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு அப்போ அழுகையே வந்துடுச்சு, நாள் போயிட்டிருக்கு, இவங்க ராகம் பாடச் சொல்றாங்களேன்னு. ஆனா ராகம் கையில வந்த பிறகு பாட்டோட பாதி சங்கதி சொல்லித்தராமலே புரிஞ்சுது, அடுத்து இங்க தான் போகும்னு காதே சொல்லிடுது. புது ராகத்துல புதுப் பாட்டு கத்துக்கறவங்க இதைத் தாண்டிப் போகாதீங்க.

அடுத்த தடவ போனப்ப தம்பூராவையே நிறுத்திட்டாங்க. சாகித்யத்தைத் தாளத்துக்கு வாயால படிக்கச் சொன்னாங்க, பாட்டா இல்ல, வெறும் பேச்சா. எந்த எழுத்து தட்டுல விழுது, எது மோதிர விரல்ல விழுது, எங்க கார்வை, எங்க மூச்சு. ஆன்லைன் ஆள் முழுங்கின அந்த ரெண்டு எண்ணிக்கை அஞ்சே நிமிஷத்துல கெடச்சுது. பாடும்போது ராகத்துல மயங்கி தாளம் எங்க தப்புதுன்னே தெரியாது, படிக்கும்போது ஒளிய இடம் இல்ல. இப்போ எந்தப் புதுப் பாட்டா இருந்தாலும் நான் முதல்ல பண்றது இதுதான், தெரிஞ்ச ஆதி தாளப் பாட்டுக்குக் கூட.

சாகித்யம் எழுதிக்கறதைப் பத்தியும் சொல்லணும். தமிழ்ல ஒரே க தான், சமஸ்கிருதத்துல நாலு. வெறும் தமிழ் எழுத்துல எழுதி வெச்சுக்கிட்டா பாடும்போது வாய் நம்ம பழக்கத்துக்குத் தான் போகும், நடுவுல வர்ற க எல்லாம் அழுத்தம் போயிடும். பழைய புஸ்தகங்கள்ல எழுத்துப் பக்கத்துல பொடியா 2, 3, 4ன்னு போட்டிருப்பாங்க பாருங்க, அது இதுக்குத்தான். இந்தப் பாட்டு மத்யமகாலத்துல கல ஸமூஹன்னு ஒரு இடம், அங்க ரெண்டாவது க, துஷ்டர் கூட்டம்னு அர்த்தம், ஒண்ணாவது க போட்டுப் பாடினா அர்த்தமே காலி. தேவநாகரியோ தெலுங்கோ படிக்கத் தெரிஞ்சவங்க அதுல எழுதிக்கோங்க, தெரியாதவங்க நம்பர் போட்டு எழுதுங்க, ஆனா கையால எழுதுங்க, பிரிண்ட் எடுக்காதீங்க. அப்புறம் சமாசத்தை, அதாவது சேத்துக் கோத்த கூட்டு வார்த்தையை, எங்க பிரிக்கலாம்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு அங்க ஒரு கோடு போட்டுக்கோங்க. மூச்சு வாங்கற இடம் அதுதான். அர்த்தம் தெரியாம மூச்சு முட்டற இடத்துல எல்லாம் மூச்சு விட்டா வார்த்தை ரெண்டா உடையும், முன்னாடி உக்காந்திருக்கற சமஸ்கிருதம் தெரிஞ்ச தாத்தா முகம் சுளிப்பார், நான் பாத்திருக்கேன்.

இந்தக் குறிப்பிட்ட பாட்டுல இன்னொரு பொறி இருக்கு. நவாவரணத்துல ஒவ்வொண்ணும் ஒரு விபக்தி, அதாவது சமஸ்கிருத வேற்றுமை, நாலாவது சதுர்த்தி, அதனால அநேகமா எல்லா வார்த்தையும் யை யைன்னு முடியும். விஹாரிண்யை, ஸம்ஹாரிண்யை, ஹாரிண்யை, பரிஹாரிண்யை. கேக்க அவ்வளவு அழகு, பாடறவங்களுக்கு எமன். எது முதல் எது அடுத்ததுன்னு நாக்கு தாவிடும். மாமி சொன்ன வழி, வரியோட முடிவைப் பிடிச்சு ஞாபகம் வெச்சுக்காதே, ஆரம்பத்தைப் பிடி. ஒவ்வொரு வரியும் எந்த எழுத்துல தொடங்குதுன்னு மட்டும் வரிசையா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அடுப்பு மேடை பக்கத்துல ஒட்டி வெச்சேன். அப்புறம் சரணத்தைக் கடைசி வரியில இருந்து பின்னாடி வந்து பாடம் பண்ணினேன், கடைசி வரி, அப்புறம் கடைசி ரெண்டு வரி, இப்படி. நாம எப்பவும் பல்லவியில ஆரம்பிக்கறதால பல்லவி நூறு தடவ பாடியிருப்போம், சரணத்தோட கடைசி பத்து தடவ கூட பாடியிருக்க மாட்டோம், மேடையில சறுக்கறது அங்க தான். பின்னாடி இருந்து வந்தா போகப் போகத் தெரிஞ்ச இடத்துக்குப் போறோம், பயம் வராது.

தொண்டையைப் பத்தி ஒரு வார்த்தை. விட்ட நாளைப் பிடிக்கறேன்னு ஆபீஸ் போறதுக்கு முன்னாடியும் வந்தும் கத்திக் கத்திப் பாடி, குரல் கரகரன்னு ஆகி, ஈஎன்டி டாக்டர்கிட்ட போய், பேசவே கூடாதுன்னு சொல்லிட்டார். அந்த நாட்கள்ல தான் ஒண்ணு கண்டுபிடிச்சேன், பாடாமலே பாடம் பண்ணலாம். தாளம் போட்டுக்கிட்டு மனசுக்குள்ள முழுப் பாட்டையும் ஓட்டறது. எங்க மனசு தடுக்குதோ அங்க தான் பாடம் ஆகல, அந்த இடத்தை மட்டும் நோட்டுல பாத்தா போதும். குரல் திரும்பி வந்தப்ப பாட்டு முன்னாடி இருந்ததை விட உறுதியா இருந்துச்சு. இப்போ மேல் ஸ்தாயி சங்கதி எல்லாம் முதல்ல மனசுல, அப்புறம் ரெண்டு கட்டை இறக்கி, கடைசியா தான் சொந்த சுருதி.

நோட்டை எப்போ மூடறதுன்னு கேப்பாங்க. என் கணக்குல மேடைக்கு மூணு வாரம் முன்னாடியே மூடிடணும், தப்பு வந்தாலும் பரவால்லன்னு. பாத்துப் பாடி நூறு தடவ சரியா வந்தாலும் அது பாடம் ஆனதா அர்த்தம் இல்ல. ஐபேட் வெச்சுப் பாடறது இப்போ சகஜம், நான் குறை சொல்லல, ஆனா அட தாளத்துல கையும் கண்ணும் ரெண்டு பக்கம் போனா விரல் எண்ணிக்கை விட்டுடும். மூடின பிறகு தினமும் ஒரு தடவ ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, உடனே கேக்காம மறுநாள் காலையில கேளுங்க. உடனே கேட்டா நாம பாடினதா நெனச்சது தான் காதுல விழும்.

நவராத்திரி நாலாம் நாள் பாட்டு ஒழுங்காவே போச்சு. அதுக்குக் காரணம் பாதி நான், பாதி பக்கவாத்தியம். அட தாளத்துல கீர்த்தனை அடிக்கடி வர்றதில்ல, வர்ணம் தான் நெறைய வாசிச்சிருப்பாங்க, அதனால எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடறது நல்லது. நான் பாடின ஆடியோவைத் தாளம் போடற சத்தம் கேக்கற மாதிரி ரெக்கார்ட் பண்ணி, எந்த சங்கதி எத்தனை தடவன்னு எழுதி, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பத்து நாள் முன்னாடியே அனுப்பிட்டேன். ரெண்டு தடவ ஒத்திகை, ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு ஆயிரம், கமிட்டி குடுத்த சம்பாவனை அதுலயே போச்சு. ஆனா அந்தக் காசு தான் இந்தப் பாட்டுக்கு நான் செலவு பண்ணினதுலயே நெஞ்சு நோகாம குடுத்தது. ஒத்திகைக்கு வழி இல்லாதவங்க மிருதங்கம் கத்துக்கற பசங்க யாரையாவது கூப்பிட்டு ஒரு தடவ பாடிப் பாருங்க, அவங்களுக்கும் பழக்கம் ஆகும்.

அப்புறம் பாட்டு நோட்டுல மேல ஒரு ஓரத்துல யார்கிட்ட கத்துக்கிட்டது, எந்தப் பாடாந்தரம், என்ன காலப்ரமாணம், அதாவது என்ன வேகம்னு எழுதி வெச்சிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துப் பாடும்போது இது தேவைப்படும். நான் வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளிக்கிழமை இதைப் பாடறேன், இல்லன்னா அந்த யை வரிசை மறுபடி தாவ ஆரம்பிச்சிடுது. அடுத்த வருஷம் அஞ்சாவது நாள் பைரவி, மிஸ்ர ஜம்பை தாளம், அதையும் என்கிட்டயே தள்ளிட்டாங்க. இந்தத் தடவ முதல்ல மாமிக்குத் தான் ஃபோன் போட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, நோட்டு எடுத்துட்டு வராதேன்னு.